பையன்கள் கைவிட்ட துப்பாக்கி

"சுட்டுப் பார்த்துட்டுத்தான் வாங்குவேன்" என்றேன்.

கடை அடங்கிப் போனது. கல்லாவுக்குப் பின்னால் துப்பாக்கிக் குழலைத் துடைத்துக்கொண்டிருந்த வெர்லின் ஹோக்ஸ்டாட், கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். அடுப்போரம் உட்கார்ந்திருந்த டெல்மார், வாய்க்குக் கொண்டுபோன காப்பிக் கோப்பையை நடுவழியில் நிறுத்தினார். என் அப்பா சட்டென்று திரும்பித் தீவன மூட்டைகளின் விலை அட்டையைப் படிக்க ஆரம்பித்தார். முப்பது வருஷமாக வாங்குகிற தீவனம்.

வரும் வழியிலேயே வண்டியில் எச்சரித்திருந்தார். "என்ன வேணா கேளு மாரிட். விலையைக் குறைக்கச் சொல்லு. ஸ்கோப்பை மாத்தித் தரச் சொல்லு. சுட்டுப் பாக்கணும்னு மட்டும் வாயைத் திறந்துடாதே. உன் காலுல விழுந்து கேட்டுக்கிறேன்."

எங்கள் பக்கம் பழைய துப்பாக்கி வாய்ச்சொல்லில்தான் கைமாறும். "நல்லாச் சுடும்" என்று விற்கிறவன் சொன்னால் சுடும், அவ்வளவுதான். சுட்டுக் காட்டு என்று கேட்டால் அவனைப் பொய்யன் என்று ஊரறியச் சொன்னதாக அர்த்தம். குதிரை வாங்கினால் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார்கள். டிராக்டரை மூன்று வயல் ஓட்டிப் பார்ப்பார்கள். மகளுக்கு வரன் வந்தால் அவனை ஒரு வாரம் வைக்கோல் கட்டு தூக்க விட்டுப் பார்ப்பார்கள். துப்பாக்கியை மட்டும் தடவிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்க வேண்டும்.

நான் தடவிப் பார்க்க வரவில்லை. எனக்கு அறுபத்து மூன்று செம்மறிகள் இருக்கின்றன. மாட்டுக்காரக் குடும்பத்தில் செம்மறி வளர்ப்பது மாதாகோயிலில் சீட்டாடுவது மாதிரி. ஆனாலும் வளர்க்கிறேன். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், படித்தது கால்நடை. வாங்கிய பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு வங்கியில் உட்காருவேன் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். நான் திரும்பி வந்து, யாரும் மேய்க்காத வடக்குச் சரிவில் ஆடுகளை விட்டேன். முதல் வருஷமே குட்டிகள் நல்ல எடை வந்தன. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்டிலிருந்து கயோட்டிகள் ஒன்பது குட்டிகளைத் தின்றுவிட்டன. பார்க்க நரி மாதிரி இருக்கும், புத்தி திருடன் மாதிரி வேலை செய்யும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாவது குட்டியின் மிச்சத்தை நான் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தபோது அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். "கையில துப்பாக்கி இல்லாம ஆடு வளக்கிறவ கயோட்டிக்குச் சோறு போடுறவ. சனிக்கிழமை மான் சீசன் தொடங்குது. அதுக்குள்ள வேலைக்கு ஆகுற ஒண்ணை உன் காசுல வாங்கிக் காட்டு. இல்லேன்னா திங்கக்கிழமை லாரி வரும், எல்லாம் சந்தைக்குப் போகும்." லாரிக்காரரிடம் அன்றைக்கே சொல்லியும் வைத்துவிட்டார்.

இன்றைக்கு வியாழன். என்னிடம் இருப்பது நானூறு டாலர். துப்பாக்கி, ஸ்கோப், தோட்டா எல்லாம் அதற்குள் வரவேண்டும். இரண்டு துப்பாக்கிக்கு வழியில்லை. வருஷம் முழுக்கக் கயோட்டிக்கும், நவம்பரில் மானுக்கும் ஒரே துப்பாக்கி. கயோட்டி முப்பது ராத்தல் இருக்கும், மான் இருநூறு. ஒன்றுக்குச் சரியானது இன்னொன்றுக்கு அதிகம், இல்லாவிட்டால் போதாது. சிக்கல் அதுதான்.

முதலில் டெல்மார்தான் வாயைத் திறந்தார். "கேலன், உன் மவ கடைக்காரனைப் பொய்யன்ங்கிறா. கேட்டுக்கிட்டியா?"

"கேட்டுக்கிட்டேன்" என்றார் அப்பா, விலை அட்டையைப் பார்த்தபடி.

"காலேஜுல இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா கண்ணு?"

"ஆமா. ஒரு செமஸ்டர் முழுக்க" என்றேன்.

வெர்லின் சிரிக்கவில்லை. அவர் கோபப்பட்டால் மூக்கு மட்டும் சிவக்கும். "நான் இந்தக் கடையில உக்காந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு. ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்ல பொண்ணே."

"உங்க சொல்லை நான் நம்பறேன் வெர்லின். கயோட்டி நம்பாது."

அப்பா இருமினார். வெர்லின் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பேச்சை வேறு பக்கம் திருப்பப் பார்த்தார். சுவரிலிருந்து புதுத் துப்பாக்கி ஒன்றை எடுத்தார். தோளில் சாய்க்கிற கட்டை கறுப்பு, ஸ்கோப்போடு சேர்த்து ஒரே பெட்டியில் வருவது. "இப்ப எல்லாரும் வாங்கறது இதுதான். புதுசு. சந்தேகமே வேணாம், சுட்டுப் பாக்கவும் வேணாம்."

குறிபார்க்க மேலே பொருத்தியிருந்த அந்த ஸ்கோப் வழியாக ஜன்னலைப் பார்த்தேன். நடுவில் தெளிவு, ஓரமெல்லாம் பால் கொட்டியது மாதிரி. கயோட்டி வருவது விடியலில், வெளிச்சம் அரைகுறையாக இருக்கும்போது. விலையும் நானூற்றுப் பத்து. "இதை வாங்கினா தோட்டாவுக்குப் பதிலா கல்லைத்தான் வீசணும்" என்று திருப்பிக் கொடுத்தேன்.

"அப்ப 223 எடு, சின்னக் குண்டு. தோட்டா மலிவு, நாள் முழுக்கச் சுடலாம். கயோட்டி சுருண்டு விழும்."

"மான்?"

"பக்கத்துல வந்தா விழும்."

"நம்ம ஊருல மான் என்னைக்குப் பக்கத்துல வந்துச்சு வெர்லின்? அடிபட்டு ஓடற மானை ரெண்டு மைல் தேடறதுக்கு எனக்கு நேரமில்ல. அதுக்கு வலிக்கவும் வேணாம்."

டெல்மார் கோப்பையை முழங்காலில் தட்டினார். "அதெல்லாம் எதுக்கு? தர்ட்டி-ஆட்-சிக்ஸ் வாங்கு, பெரிய குண்டு. உங்கப்பன்கிட்ட இருக்கிற மாதிரி. அதுக்குக் கீழ இருக்கிறதை ஆம்பள தொடமாட்டான்."

"நல்லவேளை, நான் ஆம்பள இல்ல. அதுல கயோட்டியைச் சுட்டா தோலுல தலை போற ஓட்டை விழும். தோலை வித்துத்தான் அடுத்த டப்பா தோட்டா வாங்கப்போறேன்."

பிறகு நான் பின்சுவர் ஓரமிருந்த மரத்தாங்கியைக் காட்டினேன். "எனக்கு அங்க இருந்து ஒண்ணு வேணும்."

டெல்மார் வெடித்துச் சிரித்தார். காப்பி பூட்ஸில் சிந்தியது.

அந்தத் தாங்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்தில் பையனுக்குப் பன்னிரண்டு வயது ஆனால் அவனுக்கு 243 என்கிற அளவில் ஒரு துப்பாக்கி வாங்கித் தருவார்கள். சின்னத் தோட்டா இல்லை அது; குண்டு மெலிசு, வேகம் அதிகம், கோடு போட்ட மாதிரி நேராகப் போகும், தோளை உதைக்காது. லேசான குண்டு போட்டால் கயோட்டி, கனமான குண்டு போட்டால் மான். இரண்டுக்கும் இதைவிடப் பொருத்தமானதை இந்தச் சமவெளியில் நான் பார்த்ததில்லை. ஆனால் பையனுக்குப் பதினாறு ஆனதும் அது 'பிள்ளைத் துப்பாக்கி' ஆகிவிடும். அதைத் தூக்கிக்கொண்டு வேட்டை முகாமுக்குப் போனால் பால்புட்டி எங்கே என்று கேட்பார்கள். அதனால் மீசை அரும்புகிற வேகத்தில் அதை வெர்லினிடம் தள்ளிவிட்டு, தோளைப் பெயர்க்கிற பெரிய மேக்னம் துப்பாக்கி ஒன்றை வாங்கிக்கொள்வார்கள். விசையை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொள்வார்கள். மான் தப்பிக்கும். கேட்டால் காற்று என்பார்கள்.

இப்படித் தள்ளிவிடப்பட்ட 243கள் அந்தத் தாங்கியில் ஏழு நின்றன. வருஷத்துக்குப் பத்துக் குண்டு சுட்டிருந்தால் அதிகம். குழல்கள் புதுசு மாதிரி. விலை மட்டும் பழசு. இந்த ஊர் ஆண்களின் கௌரவம் எனக்குப் பாதி விலையில் கிடைத்தது.

எனக்கும் பன்னிரண்டு வயது வந்தது. தையல் மெஷின் வாங்கித் தந்தார்கள்.

"பிள்ளைத் துப்பாக்கியா!" டெல்மார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, எடுக்கறதுதான் எடுக்கிற, அந்த வாதுமைக் கட்டையை எடு. என் சின்னவனோடது. எட்டு மான் விழுந்திருக்கு அதுல. வாதுமை மரம், பாரு, கண்ணாடி மாதிரி."

அழகாகத்தான் இருந்தது. வெர்லின் சொன்னார், "முன்னூத்தி இருபது. நல்லாச் சுடும். நான் சொல்றேன்."

"சுடட்டும். பாத்துட்டு வாங்கறேன்."

வெர்லின் கல்லாவில் இரண்டு கையையும் ஊன்றினார். என்னைத் திட்டி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அனுப்பினால் அறுபது மைலுக்கு வேறு கடை கிடையாது. அவர் என்னைத் தாண்டி அப்பாவைப் பார்த்தார். அப்பா திரும்பவில்லை.

"தோட்டா உன் காசு" என்றார் வெர்லின்.

கடைக்குப் பின்னால், வாங்கியவர்களுக்கு ஸ்கோப் சரிபார்த்துக் கொடுக்க ஒரு மேசையும், நூறு கெஜம் தள்ளி மண்மேடும் உண்டு. காற்று இடமிருந்து வலமாக நேராக அடித்தது. மண்மேட்டில் காகிதத் தட்டுகளை ஆணியடித்துவிட்டு வந்தேன். மூன்று பேரும் பின்னால் வந்து நின்றார்கள். காதடைப்பானை மாட்டிக்கொண்டு, மணல்மூட்டையில் கட்டையைச் சாய்த்து, கனமான குண்டு மூன்று சுட்டேன். நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் குழலை ஆறவிட்டு.

தட்டைக் கழற்றி எடுத்து வந்தேன். மூன்று ஓட்டை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் என் கை அகலம்.

"காத்து" என்றார் டெல்மார்.

"காத்து பக்கவாட்டுல அடிக்குது. உங்க குண்டு மேலயும் கீழயும் போயிருக்கு."

வெர்லின் தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துப்பாக்கியைத் தூக்கி, குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு டாலர் நோட்டைச் செருகினார். பாதி வழியில் சிக்கி நின்றது. அழகான வாதுமை, ஈரத்தில் வளைந்து குழலை ஒரு பக்கம் அழுத்திக்கொண்டிருந்தது. அவர் மூக்கு சிவந்தது. இந்தத் தடவை என் மேல் இல்லை.

"எட்டு மான்னு சொன்னியே டெல்மார்."

"எட்டும் விழுந்துச்சு!"

"பக்கத்துல வந்து நின்னுச்சுங்களா?" என்று கேட்டேன். வெர்லின் தும்முவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்ததை அவரே உள்ளேபோய் எடுத்து வந்தார். தாங்கியில் கடைசியாக நின்ற அசிங்கம். சாம்பல் பிளாஸ்டிக் கட்டை, அதில் 'கோல்ட்டன்' என்று ஒருவன் கத்தியால் கிறுக்கி வைத்திருந்தான். பழைய ஸ்கோப், ஆனால் கண்ணாடி சுத்தம். "இருநூத்தி அறுபது" என்றார். "எப்படிச் சுடும்னு எனக்குத் தெரியாது. பாக்கலாம்."

பாக்கலாம் என்றார். இருபத்தாறு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கமாட்டார்.

கனமான குண்டு மூன்று. அதே தட்டில், ஸ்கோப்பைத் தொடாமல், லேசான குண்டு மூன்று. விசை இழுபடாமல், கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோலச் சட்டென்று விடுபட்டது. உதை இருந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை. சுடும்போதே தெரிந்துவிட்டது. சில மாடுகளைக் கொட்டிலில் பார்த்ததுமே தெரியுமே, அந்த மாதிரி.

தட்டை எடுக்க நானும் அப்பாவும் போனோம். மற்ற இருவரும் குளிருக்கு உள்ளே போய்விட்டார்கள்.

கனமான குண்டின் மூன்று ஓட்டைகளை ஒரு நாணயத்தால் மூடலாம். லேசான குண்டின் மூன்றையும் அப்படியே. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் அகலம். லேசானது மேலே, கனமானது கீழே. ஒரே துப்பாக்கி, ஒரே ஸ்கோப், ஒரே ஆள். குண்டின் கனம் மாறினால் விழுகிற இடம் மாறும். நூறு கெஜத்தில் இரண்டு விரல் என்றால் முன்னூறில் எவ்வளவு ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம். நான் என் குறிப்பேட்டில் எழுதினேன்: மானுக்குக் கனம், நேர்ப்பார்வை. கயோட்டிக்கு லேசு, இரண்டு விரல் கீழே பிடி.

அப்பா தட்டை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

எங்கள் வீட்டில், ஏன் இந்த ஊரிலேயே, துப்பாக்கியை ஒரு தடவை மானுக்குச் சரிபார்த்தால் பத்து வருஷத்துக்கு அது சரி. பிறகு கையில் எந்தத் தோட்டா அகப்படுகிறதோ அது. அப்பாவின் வண்டி டப்பாவில் மூன்று வகைத் தோட்டாக்கள் திருகாணிகளோடு கலந்து கிடக்கும். செப்டம்பரில் அவர் பெரிய துப்பாக்கியோடு என் ஆடுகளுக்குக் காவல் நின்று, மூன்று கயோட்டிகளைத் தவறவிட்டார். முதல் தடவை காற்று, இரண்டாவது தடவை வெயில், மூன்றாவது தடவை நான் பக்கத்தில் நின்று மூச்சு விட்டேனாம்.

"செப்டம்பர்ல தவறினது என் மூச்சால இல்லப்பா" என்றேன்.

 தட்டை மடிக்கப் போனவர், மடிக்காமல் என்னிடமே கொடுத்தார். சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. ஒன்பது குட்டிகளைச் சாக்கில் அள்ளியது நான்.

உள்ளே வந்ததும் வெர்லின் விண்ணப்பத்தை நீட்டினார். பெயர், முகவரி, குற்றம் ஏதும் உண்டா, இல்லை, இல்லை, இல்லை. என் பேரில் வழக்கு ஏதுமில்லை என்று போனில் சரிபார்க்க, அவர் அதை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். டெல்மார் கட்டையிலிருந்த கிறுக்கலைத் தடவிக்கொண்டிருந்தார். "கோல்ட்டன் இப்ப என் பெரியவனோடதான் வேட்டைக்கு வர்றான். மேக்னம் வச்சிருக்கான். போன வருஷம் ஒண்ணும் விழல" என்றார். கேலி மாதிரி தொடங்கியது வேறு மாதிரி முடிந்துவிட்டது. கோப்பையை நிரப்ப எழுந்து போனார்.

அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"மாரிட். இதை வச்சுடு."

"ஏன்?"

"வீட்டுல இருக்கிறதை எடுத்துக்கோ."

எனக்குப் புரியவில்லை. "எதை?"

"என்னோடதை. உனக்கே. எழுதியே குடுத்துடறேன். லோர்ன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

லோர்ன் என் அண்ணன். நகரத்தில் காப்பீடு விற்கிறான். ஆறு வருஷமாகத் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனாலும் அந்தத் துப்பாக்கி அவன் பேரில்தான் அலமாரியில் நிற்கிறது. எங்கள் வீட்டில் அது அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிற பொருள். மூன்று தலைமுறைக் கை பட்டுக் கறுத்த கட்டை. சீசன் முடிந்ததும் அதற்கு எண்ணெய் போடுவது என் வேலை. தோளில் வைக்க மட்டும் எனக்கு அனுமதி இல்லை. யாரும் இல்லாதபோது நான் வைத்துப் பார்த்திருக்கிறேன். எத்தனை தடவை என்று சொல்லமாட்டேன்.

நான் கல் இல்லை.  இதை அவர் எனக்குப் பன்னிரண்டு வயதில் சொல்லியிருந்தால் வீட்டுக் கூரை ஏறிக் கூவியிருப்பேன்.

"ஏன் இப்ப?" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம ட்வேட் குடும்பத்துப் பொண்ணு, எவனோ விட்டெறிஞ்ச பிள்ளைத் துப்பாக்கியைத் தூக்கிட்டு இந்தக் கடையை விட்டுப் போகவேணாம். நாளைக்கு ஊரே பேசும். நம்மளோடது இருக்கு. பெரிசு. உனக்கும் அதுமேல ஆசைன்னு எனக்குத் தெரியும்."

தெரியுமாம். இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது.

அவர் மனசாரத்தான் சொன்னார், அதில் சந்தேகமில்லை.  வாங்கிக்கொண்டிருந்தால் அவர் நிம்மதியாகியிருப்பார், கடை நிம்மதியாகியிருக்கும். நானும் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்திருப்பேன். அதற்குப் பிறகு விடியலில் வடக்குச் சரிவில் படுத்துக்கொண்டு, என் தோளுக்கு நீளமான கட்டையோடு, உதைக்குப் பயந்து கண்ணை மூடியிருப்பேன். கயோட்டி பத்தாவது குட்டியைத் தூக்கிப் போயிருக்கும்.

"அது நல்ல துப்பாக்கிப்பா" என்றேன். "எல்க் மாதிரி பெரிய மான் வந்தா கூப்பிடறேன். என் சரிவுல வர்றது கயோட்டி."

"யோசிச்சுப் பேசு. ரெண்டாவது தடவை கேக்கமாட்டேன்."

"தெரியும். யோசிச்சுட்டேன். மண்மேட்டுலயே யோசிச்சுட்டேன்."

"நான் குடுக்கறதை வேணாம்ங்கிற."

"நீங்க குடுக்கறதை வேணாம்னு சொல்லல. வேலைக்கு ஆகுறதைக் காட்டுன்னீங்க. காட்டிட்டேன். நீங்களே தட்டைக் கையில வச்சுப் பாத்தீங்க."

 வெர்லின் பின்னறையிலிருந்து வந்து, எல்லாம் சரி என்று தலையாட்டினார். துப்பாக்கியைக் கல்லாவில் வைத்து, "இந்தப் பேரை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுத் தரட்டுமா? அஞ்சு நிமிஷம்" என்று கேட்டார்.

"வேணாம். படிக்கிறவங்க படிக்கட்டும்."

சுட்டுப் பார்க்கப் பிரித்த இரண்டு டப்பா தோட்டாக்களையும் எடுத்து வைத்தேன், ஒன்று கனம், ஒன்று லேசு. பணத்தைக் கொடுத்தேன். மீதி இருந்தது. லேசான குண்டில் இன்னொரு டப்பா கேட்டேன்.

"ஒண்ணு சொல்லவா பொண்ணே" என்றார் வெர்லின், டப்பாவை எடுத்துக்கொண்டே. "மீதி அஞ்சையும் நாளைக்கு நான் சுட்டுப் பாக்கப்போறேன்."

"பாருங்க. வளைஞ்சதை நல்லாச் சுடும்னு விக்காதீங்க."

தோட்டா டப்பாக்களைக் கோட்டுப் பைகளில் திணித்தேன். துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து, உள்ளே காலி என்று பார்த்துக்கொண்டு, குழல் கீழே இருக்கும்படி தூக்கினேன். கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டிருந்த டெல்மார், அதை ஓரமாக இழுத்துக்கொண்டார்.

"லாரிக்காரர்கிட்ட திங்கக்கிழமை வரவேணாம்னு நீங்களே சொல்லிடுங்கப்பா" என்றேன். "நான் சொன்னா வேற மாதிரி சொல்லுவேன். நாலு மணிக்கு ஆடுகளை அடைக்கணும். நான் வண்டியைக் கிளப்பறேன்."

அவர் வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.